அகப்பாட்டில் பெயர் வராது

வாயைத் திறக்கக் கூடாது, அவ்வளவுதான், பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஜெபா பாப்பா வாசலிலேயே நிறுத்திக் கண்டிஷனாகச் சொல்லிவிட்டாள், ஐயா நீங்க உள்ள உக்காருங்க, நீங்க பக்கத்துல இருந்தா அம்மாவுக்குத் தைரியம், ஆனா அவங்க வார்த்தையைத் தேடுறப்ப நீங்க எடுத்துக் குடுக்கக் கூடாது, குடுத்தா அவங்க மூளை காலை நீட்டி உக்காந்துக்கிடும், சரியா, என்று. சரி பாப்பா என்று தலையை ஆட்டிவிட்டு இந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் வந்து உட்கார்ந்திருக்கிறேன். போன தடவை நான் பண்ணின கூத்து அப்படி. சாவிப் படத்தைக் காட்டினாள், என் வீட்டுக்காரி வடிவு உதட்டைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தாள், அவள் கழுத்து நரம்பு புடைத்ததைப் பார்க்கப் பொறுக்காமல் சாவி சாவி என்று நான் கத்திவிட்டேன், வடிவு என்னைத் திரும்பிப் பார்த்தாள் பாருங்கள், பரீட்சை ஹாலில் பார்த்து எழுதுகிறவனைப் பார்க்கிற அதே பார்வை, உடம்பில் பாதி படுத்துவிட்டாலும் டீச்சர் பார்வை படுக்கவில்லை. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எனக்கு வாயைப் பொத்திக்கொண்டு இருப்பது புதுசா என்ன, ஆயுசு முழுக்க அடுத்தவர் பேசத்தானே மைக்கு கட்டினேன், பாளையங்கோட்டையில் பட்டிமன்றம் என்றாலும் கவியரங்கம் என்றாலும் கோயில் கொடை என்றாலும் மாதா திருவிழா என்றாலும் வடிவு சவுண்ட் சர்வீஸ்தான், குழாய் ஸ்பீக்கர் ஒவ்வொன்றிலும் சிவப்பு பெயிண்டில் அவள் பெயர், மேடையில் நான் பேசியதெல்லாம் ஹலோ ஹலோ ஒண்ணு ரெண்டு மூணு, அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. அப்படி இருந்தவனுக்கு இப்போது வாய் துறுதுறு என்கிறது. அவள் பேச்சை நிறுத்திய நாளிலிருந்து என் பேச்சு கூடிவிட்டது. பக்கவாதம் வந்து வலது கையையும் நாக்கையும் இழுத்துக்கொண்டது, ஆனியில் வந்தது, இப்போது ஐப்பசி மழை, நடக்கிறாள், சாப்பிடுகிறாள், சிரிக்கிறாள், சொல்தான் வரமாட்டேன் என்கிறது, வந்தாலும் கேட்ட சொல் வராமல் பக்கத்துச் சொல் வருகிறது. ஜெபா பாப்பா மேஜையில் படச்சீட்டுகளை அடுக்குகிறாள். முதல்ல படம் பாப்போம்மா, அப்புறம் வீட்டு ஆளுக பேர் பாப்போம், என்கிறாள் வடிவிடம். வீட்டு ஆட்கள் பேர். மற்றவர்கள் பேரெல்லாம் வந்தாயிற்று. மகள் எழில் பேர் அவளாகவே ஃபோனில் சொல்லிவிட்டாள். பேரன் பேர் வந்தது. பால்காரர் ஞானமுத்து பேர் வந்தது, எதிர்வீட்டு நாய் டைகர் பேர்கூட நேற்றைக்கு வந்தது. மிச்சம் இருப்பது ஒரே பேர், அது என் பேர். ராத்திரியெல்லாம் அதே நினைப்பு, இருக்கிறதா போய்விட்டதா, அந்தப் பேர் அவளுக்குள்ளே எங்கேயாவது இருக்கிறதா.

பூட்டுப் படம். வடிவு பார்க்கிறாள், நன்றாகத் தெரிகிறது அவளுக்கு, இடது கை திருகுகிற மாதிரி போகிறது, வாய் திறக்கிறது, பாட்டு என்கிறாள். இல்லை என்று அவளே தலையை ஆட்டுகிறாள். பூட்டைப் பார்த்துப் பாட்டு. எதுகை. ரெண்டாம் எழுத்து ஒன்றி வந்தால் எதுகை, முதல் எழுத்து ஒன்றி வந்தால் மோனை, எங்கள் வீட்டு முன்ரூமில் சாயங்காலம் தோறும் இவளிடம் டியூஷன் படிக்க வந்த பெண்பிள்ளைகளும் பையன்களும் கூட்டமாக ஒப்பித்தது, பின்ரூமில் நான் சால்டரிங் கோலை வைத்துக்கொண்டு ஆம்ப்ளிபயருக்குள் தலையைக் கொடுத்திருப்பேன், ஈயப் புகை மூக்கிலும் இலக்கணம் காதிலும் ஏறும். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு அந்தப் பேர்களெல்லாம் அடுத்த தெருப் பிள்ளைகளின் பேர் மாதிரி, முகம் தெரியாது, கூப்பிடுகிற சத்தம் மட்டும் தெரியும். உவமை, உருவகம், ஆகுபெயர், அந்தாதி, உள்ளுறை. எல்லாம் படித்தவர்கள் மேடைக்குப் போட்டுக்கொண்டு வருகிற துண்டு என்று நினைத்திருந்தேன். இப்போது பாருங்கள், ஜெபா பாப்பா குனிந்து, ஊதுகிற மாதிரி மெதுவாக, பூ என்கிறாள், அவ்வளவுதான், முதல் எழுத்து, மோனை, வடிவு டக்கென்று பூட்டு என்கிறாள். அடடா. முதல் எழுத்தின் விரலைப் பிடித்துக்கொண்டு முழுச் சொல்லும் எழுந்து நடந்து வருகிறதே. அந்தக் காலத்தில் ஏட்டையெல்லாம் பார்க்காமல் ஆயிரம் பாட்டைப் படபடவென்று சொன்னார்களே, இப்படித்தான் சொல்லியிருப்பார்கள், மோனைதான் அவர்களுக்கு வழிகாட்டி. அழகுக்கு வைத்தது என்றல்லவா நினைத்தேன், அது கைப்பிடிச் சுவர். இந்தப் பெண் எந்தக் காலேஜில் படித்தாளோ, இவளுக்கு மோனை என்ற பேர் தெரியுமோ தெரியாதோ, காரியம் தெரிந்திருக்கிறது, கை வைத்தால் சொல் எழுந்து வருகிறது, இவள் நன்றாக இருக்க வேண்டும். அடுத்த படம், தலைவலிக்காரன் ஒருத்தன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், வடிவு யோசிக்காமல் தைலம் என்கிறாள். பாப்பா தாளில் ஏதோ குறித்துக்கொள்கிறாள். அது ஆகுபெயர் அல்லவா, ஒன்றின் பேர் அதோடு ஒட்டினதுக்கு ஆகி வருவது. வீட்டில் இவள் டம்ளர் என்றால் காப்பி வேண்டும், குடை என்றால் வெளியே மழை, செருப்பு என்றால் போகலாம் வாங்க, எழில் ஊரிலிருந்து வந்த அன்றைக்கு வாசலைப் பார்த்துப் பெட்டி பெட்டி என்று அழுதாள். முதல் மாதம் இதெல்லாம் உளறல் என்று நினைத்து மாரில் அடித்துக்கொண்டேன். ஒருநாள் சாயங்காலம் அடுப்பில் பால் பொங்கும்போது முன்ரூமிலிருந்து பிள்ளைகள் கூட்டமாகச் சொல்லுகிற மாதிரி காதுக்குள் கேட்டது, ஒன்றன் பெயர், அதனோடு தொடர்புடைய, மற்றொன்றுக்கு, என்று. பாலை இறக்கக்கூட மறந்து நின்றேன். இவள் உளறவில்லை. சொல்லுக்குப் போகிற மெயின் ரோடு அடைத்துக் கிடக்கிறது, இவள் சந்து வழியாகச் சுற்றி வருகிறாள், அந்தச் சந்துக்கெல்லாம் ஏற்கெனவே பேர் போர்டு மாட்டி வைத்திருக்கிறார்கள். யார் மாட்டினார்களோ. எத்தனை நூறு வருஷத்துக்கு முன்னால் யார் வீட்டில் யாருக்குப் பேச்சு நின்றுபோய், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுப் பேர் வைத்தார்களோ.

நிலாப் படம். இட்லி, என்கிறாள் வடிவு. நான் கையை வாயில் வைத்து அழுத்திக்கொள்கிறேன். ஜெபா பாப்பாவுக்கே சிரிப்பு. பசிக்குதாம்மா, வரும்போது சாப்பிடலையா, என்கிறாள். வடிவு பாதி உதட்டால் சிரிக்கிறாள். சாப்பிட்டுத்தான் வந்தோம், ரெண்டு இட்லிக்கு மேல் வேண்டாம் என்று தட்டைத் தள்ளிவிட்டாள், அந்தத் தள்ளின இட்லிதான் வானத்தில் போய் நின்றுகொண்டதோ. இதற்கும் பேர் இருக்கிறது, உருவகம். உவமைக்கும் உருவகத்துக்கும் என்ன டீச்சர் வித்தியாசம் என்று ஒரு பிள்ளை, பல் எடுப்பாக இருக்குமே, செல்லக்கிளி, அது கேட்டதற்கு இவள் சொன்னது எனக்கு இன்னும் அப்படியே காதில் இருக்கிறது, உவமைன்னா ரெண்டு ரூம், நடுவுல மாதிரின்னு ஒரு கதவு இருக்கும்ட்டி, உருவகத்துல அந்தக் கதவைக் கழட்டித் தூர வச்சாச்சு, ரெண்டு ரூமும் ஒண்ணு, என்றாள். கையிலிருந்த கோலைக் கீழே வைத்துவிட்டு நான் எங்கள் வீட்டுக் கதவைப் பார்த்தேன் அன்றைக்கு. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த புதிதில் அவளிடம் இருந்தது ஒரே சொல், மாதிரி. எதைக் கேட்டாலும் மாதிரி. வலிக்குதா வடிவு, மாதிரி. தண்ணி வேணுமா, மாதிரி, மாதிரி. அந்தப் பக்க ரூமும் இல்லை, இந்தப் பக்க ரூமும் இல்லை, வெட்டவெளியில் கதவு மட்டும் நிற்கிறது. என்ன மாதிரி, எது மாதிரி, சொல்லு வடிவு, என்று நான் கேட்கக் கேட்க அவள் கண்ணில் தண்ணீர் நின்றது, நின்ற தண்ணீரைத் துடைத்தேன், துடைத்த கையைப் பிடித்துக்கொண்டாள், பிடித்துக்கொண்டு மறுபடியும் மாதிரி என்றாள். அப்போதே பயம் வந்துவிட்டது. என்னைப் பார்த்து அவள் மாதிரி என்கிறபோது, உன்னைப் பார்த்த மாதிரி இருக்கிறது, யார் நீ, என்று கேட்கிறாளோ. அந்தப் பயம் போகவில்லை. பகலில் போய்விடும், அவள் என் சட்டைப் பட்டனைச் சரியாகப் போடச் சொல்லிக் கையைக் காட்டுவாள், அப்போது போய்விடும், பிறகு அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறபோது வந்துவிடும். வீட்டில் ஒரு ஆள் இருக்கிறார், நல்ல ஆள், காப்பி போடுகிறார், தலை சீவி விடுகிறார் என்று மட்டும் தெரிந்து, அந்த ஆள் யார் என்பது அழிந்திருந்தால். நல்ல ஆளாக இருப்பது போதாதா என்று என்னை நானே கேட்டுப் பார்த்தேன். போதாது. எனக்குப் பேராசை.

இதை எப்படிக் கண்டுபிடிக்கிறது, அதுதான் சிக்கல், நினைப்பு அங்கேயே போய்ப் போய் முட்டுகிறது. எழில் பேர் தொலைந்து திரும்பி வந்தது, ஏனென்றால் முன்னால் சொல்லிக்கொண்டிருந்தாள், பிறகு சொல்லவில்லை, பிறகு சொன்னாள். என் பேரை இவள் முன்னாலும் சொன்னதில்லையே. கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. இங்க பாருங்க, அவ்வளவுதான் என் பேர். பிள்ளைகளிடம் மைக்செட் சார். மகளிடம் உங்கப்பா. இத்தனைக்கும் தமிழ் எம்.ஏ., நான் கட்டின மைக்கிலேயே மேடையில் பெண் விடுதலை பேசிக் கைதட்டு வாங்கியவள். ஒருநாள் பேங்கில் ஒரு பெண் சத்தமாகக் கேட்டது, அம்மா வீட்டுக்காரர் பேர் சொல்லுங்க, என்று, இவள் பேனாவை வாங்கித் தாளில் எழுதி நீட்டினாள். டீச்சரம்மா, எழுதுனா மட்டும் ஆயுசு குறையாதாக்கும், என்று வெளியே வந்து நான் கிண்டல் பண்ணினேன். குறையும்னு பயந்து ஒண்ணும் சொல்லாம இல்ல, என்றாள் இவள். பின்ன எதுக்கு. சொல்ல வரல, விடுங்க. என்ன வரல, நாக்கு சுளுக்கிக்கிடுமோ. ரோட்டைப் பாத்து ஓட்டுங்க, என்று முதுகில் ஒரு அடி. அந்த அடியோடு பேச்சு முடிந்தது. கடையை விட்டு வெளியே போகிற ஸ்பீக்கரில் எல்லாம் நான் அவள் பேரை ஊருக்கே காட்டிக்கொண்டிருந்தேன், அவள் என் பேரை எங்கேயோ உள்ளே வைத்துப் பூட்டியிருந்தாள். பிறகு ஒருநாள் அந்தப் பாடம் வந்தது, பிளஸ் டூ பிள்ளைகள், அகம் புறம். அகப்பாட்டில் தலைவன் தலைவி யாருக்கும் பேர் சொல்ல மாட்டாங்க, பேர் வந்துட்டா அது அகம் இல்ல, புறத்தோட சேந்திரும், என்கிறாள் இவள். ஏன் டீச்சர், பாவம், ஒரு பேர் வச்சா என்ன, என்கிறது செல்லக்கிளி. பேரச் சொன்னா அந்த ஒரு ஆளோட நின்னுரும்ட்டி, சொல்லாட்டி அது நம்ம நெஞ்சுக்குள்ள வந்து உக்காந்துக்கிடும், வெளிய இருக்கிறதுக்குத்தான் பேரு வேணும், என்றாள். பின்ரூமில் எனக்குக் காது சுட்டது. எனக்குச் சொன்னாளா, பிள்ளைகளுக்குச் சொன்னாளா. கேட்டுவிடலாம் என்று எழுந்தேன், எழுந்தவன் எதற்கு எழுந்தேன் என்று தெரியாத மாதிரி தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தேன். அன்றிலிருந்து பேங்கிலோ ரேஷன் கடையிலோ அவள் பேனாவைக் கேட்கிறபோதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை, ஆளே இரண்டு அங்குலம் வளர்ந்த மாதிரி. இப்போது அந்த வலது கையும் எழுதாது. சொல்லவும் மாட்டாள், எழுதவும் முடியாது. இந்தப் பாப்பா கேட்டு, இவள் சும்மா இருந்தால், அது அகமா, நோயா. சும்மா இருப்பது ஒன்றுதானே, இரண்டுக்கும் ஒரே சத்தம்தானே, சத்தம் இல்லாத சத்தம். சாதாரணக் காது இல்லை என் காது, எந்த ஸ்பீக்கரில் எந்த ஒயர் தளர்ந்திருக்கிறது என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவேன், ஆனால் இரண்டு மௌனத்தைப் பிரித்துச் சொல்லுகிற காது யாருக்கு இருக்கிறது.

மகள் பேர் என்னம்மா, என்கிறாள் ஜெபா பாப்பா. எழில். சூப்பர். பேரன் பேரு. கவி... கவின். ஆகா. பாப்பா என் பக்கம் கையை நீட்டுகிறாள். இவங்க யாரும்மா. வடிவு என்னைப் பார்க்கிறாள். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறாள். இவங்க பேர் என்ன, மெதுவா, அவசரம் இல்ல. மின்விசிறி சுற்றுகிறது. வெளியே ஆட்டோ போகிறது. என் கை இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொள்கிறேன், சொல்லிவிடலாம், பாப்பா அது எங்க வழக்கம்மா, சீக்கு இல்ல, என்று ஒரே வரி, ஆனால் அது உண்மையா, எனக்குத் தெரியுமா, தெரியாதே, தெரியாத ஒன்றை இந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்ல. முதல் எழுத்துச் சொல்லட்டுமா என்று பாப்பா வாயைத் திறக்கிறாள், வடிவு வேண்டாம் என்று கையைக் காட்டுகிறாள். இடது கை. அந்தக் கை அப்படியே திரும்பி என் பக்கம் வருகிறது, விரல்களை விசிறுகிறாள், போ, போ, என்று. வெளிய, என்கிறாள். சரியான சொல். வெளிய. பாப்பா என்னைப் பார்க்கிறாள், ஐயா, கொஞ்சம் வெளிய இருக்கீங்களா, அம்மா களைச்சிட்டாங்கபோல. எழுந்திருக்கிறேன். ஆக, இதுதான். யாரோ ஒரு ஆள் உட்கார்ந்து முறைத்துக்கொண்டே இருக்கிறான், கூச்சமாக இருக்கிறது, வெளியே போகச் சொல்லு, என்கிறாள். போகிறேன் வடிவு. போகிறேன் தாயி. கதவை இழுத்துச் சாத்திவிட்டுச் செருப்புகள் கிடக்கிற இடத்தில் சுவரோடு நிற்கிறேன், அவள் செருப்பும் என் செருப்பும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன, குனிந்து சரிபண்ணத் தோன்றவில்லை. உள்ளே பாப்பா ஏதோ கேட்கிறாள், பிளைவுட் கதவு, எல்லாம் கேட்கும். இப்ப சொல்றீங்களாம்மா. மறுபடியும் அந்தச் சும்மா. பிறகு ஆ என்று ஒரு சத்தம். கொட்டாவியோ, வலியோ என்று கதவில் கையை வைத்துவிட்டேன். ஆறு, என்கிறாள். நின்றுவிடுகிறாள். மூச்சு வாங்குகிறது. ஆறுமுக... மறுபடியும் மூச்சு. நயினார். ஆறுமுகநயினார். பாப்பா கைதட்டுகிறாள். என் அம்மா இந்தப் பேரைச் சொல்லித் திட்டிக் கேட்டிருக்கிறேன், வாத்தியார் சொல்லிப் பிரம்பை எடுத்ததைக் கேட்டிருக்கிறேன், கோர்ட்டில் ஒரு தடவை டவாலி மூன்று முறை கூவக் கேட்டிருக்கிறேன், என் பேர் நீளம் என்றும் பழசு என்றும் வெட்கப்பட்டுக் கடைக்கு அவள் பேரை வைத்தவன் நான், அதில் இவ்வளவு இடம் இருந்ததா, ஆ என்று வாயைத் திறந்து ஆரம்பித்து ஒவ்வொரு எழுத்திலும் உட்கார்ந்து எழுந்து வருகிற அளவுக்கு. எந்த மைக்கும் இல்லாமல், எந்த இரைச்சலும் இல்லாமல், ஒரு சுத்தமான சத்தம். நான் இல்லாத இடத்தில்தான் சொல்லுவாள். நான் இருந்தால் அகம், நான் வெளியே வந்தால்தான் அந்தப் பேருக்கு வேலை. பாடத்தை முடித்துவிட்டாளே மகராசி, இத்தனை வருஷம் கழித்து, பாதி நாக்கை வைத்துக்கொண்டு.

கதவு படாரென்று திறக்கிறது. ஜெபா பாப்பாவின் முகம் பூராவும் பல். ஐயா, கேட்டுச்சா, முழுசா சொல்லிட்டாங்க, நான் ஒரு எழுத்துக்கூட எடுத்துக் குடுக்கல, என்கிறாள். அவள் தோளுக்குப் பின்னால் வடிவு. முகத்தின் ஒரு பாதி எப்போதும்போல அசையாமல் இருக்கிறது, மறு பாதி சிவந்து, பிடிபட்ட பிள்ளை மாதிரி தரையைப் பார்க்கிறது.

"என்னம்மா சொன்னா? ஃபேன் சத்தத்துல ஒண்ணும் கேக்கலையே."

"ஐயோ, உங்க பேரு ஐயா! இருங்க, இன்னொரு தடவ சொல்லச் சொல்லுதேன்."

"வேண்டாம் பாப்பா, விடு. ஒரு தடவ கேட்டாப் போதும்."

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதுக்கே எட்டுகிறது. வடிவு தலையை நிமிர்த்துகிறாள். உதட்டைக் கூட்டவில்லை, கழுத்து நரம்பு புடைக்கவில்லை, எந்தச் சந்து வழியாகவும் சுற்றி வரவில்லை. என்னை நேராகப் பார்த்து, "பொய்" என்கிறாள்.